ஜு என்னும் அளவு

மருதமுனை
2024 பெப்ரவரி 11

கண்ணியத்திற்குரிய தங்கை நுஸ்ஹா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தாங்கள் கண்டியிலிருந்து அனுப்பிய மின்னஞ்சல்கள் யாவும் உரிய காலத்தில் கிடைத்தன. பதில் எழுதத் தாமதித்தமைக்கு மன்னிப்புக் கோருகின்றேன். தாமதத்திற்கு நோயோ வேலைப்பளுவோ காரணமல்ல. எழுத மனம் வரவில்லை, அதுவே காரணம். தொலைபேசியை நான் எடுப்பதில்லை என்று குறைப்பட்டிருக்கின்றீர்கள். தொலைபேசியில் தாங்கள் அழுவீர்கள், நான் இரங்கிவிடுவேன். எழுத்தில் அந்த ஆபத்துக் குறைவு.

தங்கள் கேள்வி இதுதான்: பல்கலைக்கழகக் கணினியில் கோப்புகளைத் திறந்தால் எல்லா அளவுகளும் வருகின்றன, 'ஜு' என்ற அளவு மட்டும் வருவதில்லை, ஏன்? பதினோராம் வகுப்புச் சாதாரண தரத்தோடு படிப்பு நிறுத்தப்பட்ட ஒருத்தி ஆய்வு மாணவிக்கு விளக்கம் சொல்வது முறையல்லதான். ஆயினும் கேட்டுவிட்டீர்கள். தங்கள் ஆய்வுகூடத்து இயந்திரம் இரத்தத்தின் உயிர்க்கலங்களை ஒவ்வொன்றாக ஒளிக்கற்றைக்கு முன்னால் ஓடவிட்டு, ஒவ்வொன்றின் பருமனையும் அதில் ஒட்டிய சாயத்தின் வெளிச்சத்தையும் அளக்கிறது. அளந்ததை மட்டுமே அது தன் கோப்பில் எழுதும். 'ஜு' இயந்திரம் அளந்ததன்று. அளந்தவற்றிலிருந்து நான் கணக்கிட்டு உண்டாக்கியது. பெறப்பட்ட பரமானம் என்பார்கள். அது என் மடிக்கணினியில், என் பகுப்பாய்வுக் கோப்புக்குள் இருக்கிறது. டிசம்பர் விடுமுறையில் என்னுடன் கோபித்துக்கொண்டு பஸ் ஏறியபோது, தாங்கள் இயந்திரத்தின் கோப்புகளை மட்டும் பென்டிரைவில் அள்ளிச் சென்றீர்கள். என் பெயரின் முதலெழுத்தை அந்த அளவுக்கு நான் சூட்டியிருந்ததும், அதைத் தாங்கள் ஆய்வேட்டின் படங்களில் அப்படியே அச்சிட்டதும், அதன் பொருளை ஒருநாளும் என்னிடம் கேளாததும் இப்போதுதான் எனக்கே வியப்பாக இருக்கின்றன.

பல்கலைக்கழகம் மூடிக் கிடந்த நோய்த்தொற்று ஆண்டில் அந்த மடிக்கணினியைத் தாங்கள்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள். பகுப்பாய்வு மென்பொருளின் காணொளிப் பாடங்களைப் போட்டுவிட்டுத் தாங்கள் நித்திரை கொண்டீர்கள். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அவற்றைப் பார்த்து முடித்தவள் நான். படத்தில் எல்லோருக்கும் தெரியும் இரண்டு கூட்டங்களுக்கு அப்பால், டெங்கு நோயாளிகளின் இரத்தத்தில் மட்டும் தோன்றி, நல்ல உடம்புக்காரரிடம் தோன்றாத அந்த மூன்றாம் கூட்டக் கலங்களைக் கண்டதும் நான். தங்கள் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் முழுவதும் அந்தக் கூட்டத்தின் மேல் நிற்கிறது. அதே ஆய்வேட்டின் நன்றியுரையில் என்னைப் பற்றி ஒரு வரி இருக்கிறது: "என் மூத்த சகோதரியின் தேநீருக்கும் துஆவுக்கும் நன்றி."

தங்கள் மச்சான், என் கணவர் றாஸிக் அதை வாசித்துவிட்டுச் சொன்னதை உள்ளபடி தருகிறேன். "இஞ்சப் பாரு புள்ள, தேத்தண்ணிக்கு நன்றியாம். சீனிய மறந்திட்டாளே." நான்கு நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

சூத்திரம் வேண்டுமென்றால், அது யாருடையது என்பதை முதலில் எழுதுங்கள்.

இங்ஙனம்,
ஜுனைதா

*

கண்டி
2024 பெப்ரவரி 13

ராத்தா,

வஅலைக்குமுஸ்ஸலாம். 'தாங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். கன்னத்தில் அறைந்திருந்தால் இதைவிட நல்லது.

நிலைமையைச் சொல்கிறேன். மே மாதம் இரண்டாந் திகதி எனக்கு வாய்மொழிப் பரீட்சை. வெளியிலிருந்து வரும் பரீட்சகர் ஆய்வேட்டை வாசித்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை எழுதி அனுப்பியிருக்கிறார். நான்காம் அத்தியாயத்துப் படத்தை இயந்திரக் கோப்பிலிருந்து அவர் கண்முன்னால் நான் மறுபடி உண்டாக்கிக் காட்ட வேண்டும். 'ஜு' என்றால் என்னவென்றும் கேட்டிருக்கிறார். எனக்குத் தெரியாது. நான்காம் அத்தியாயம் விழுந்தால் பட்டம் விழும். பட்டம் இல்லையென்றால் மலேசியாவில் எனக்கு ஒப்புக்கொண்ட ஆய்வு இடமும் இல்லை. வேறு வழி என்னிடம் இல்லை.

அந்த நன்றி வரி நானாக எழுதியதல்ல. வெளியாள் தரவைத் தொட்டதாகத் தெரிந்தால் கேள்வி வரும், வீட்டு உதவி என்று மேலோட்டமாகப் போடு என்று பேராசிரியர் சொன்னார். போட்டேன். அதில் உங்களுக்கு நோகும் என்று தெரியும். தெரிந்துதான் போட்டேன், பொய் சொல்லவில்லை. எங்கட வழக்கப்படி பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்க வேண்டும். வாப்பா மௌத்தான பிறகு உம்மாவிடம் இருந்தது ஒரு வீடு. வீடு மூத்தவளுக்கு, படிப்பு இளையவளுக்கு என்று பிரித்தது உம்மா. நான் பிரிக்கவில்லை. இருபது வருடமாக நான் உங்கள் படிப்பைத் திருடியவள் மாதிரி அந்த வீட்டு வாசல்படி ஏறுகிறேன்.

சூத்திரத்தைத் தாருங்கள். கெஞ்சுகிறேன்.

நுஸ்ஹா

*

மருதமுனை
2024 பெப்ரவரி 25

கண்ணியத்திற்குரிய தங்கை அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இம்முறையும் தாமதமாயிற்று, பொறுத்தருள்க.

தங்கள் கடிதத்தை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். 'கெஞ்சுகிறேன்' என்ற இடத்தில் நிறுத்தி, செவி மந்தம் என்பதால் மீண்டும் ஒருமுறை வாசித்தேன். றாஸிக்கின் தங்கையும் அவ்வேளை அங்கே இருந்தார். உம்மா சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "குடுத்திரு புள்ள. அவள் அழுதா எனக்கு நித்திரை வராது" என்றார். உயர்தரம் படிக்க விடுங்கள் என்று நான் அழுத காலத்தில் உம்மா நன்றாகத்தான் நித்திரை கொண்டார். அதை நினைவூட்டினேன். 

வாசல்படி பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த வீட்டின் சுவரை என் பெயருக்கு எழுதினார்கள், உண்மை. அந்தச் சுவருக்குள் யார் இருக்க வேண்டும் என்பதை என்னிடம் கேட்கவில்லை. பத்தொன்பது வயதில் மாப்பிள்ளையையும் சேர்த்தே அதில் குடிவைத்தார்கள். நான் படிப்பைக் கேட்டேன், கூரை தந்தார்கள்.

போகட்டும். பெற்றுக்கொள்பவருக்குப் பெறுமதி தெரிய வேண்டும் என்பதால் பகுதி பகுதியாகத் தருகிறேன். 'ஜு' ஒரு விகிதம். மேலே நிற்பது பச்சைச் சாயத்தின் வெளிச்சம். ஆனால் இயந்திரம் தந்த பச்சையை நான் அப்படியே எடுக்கவில்லை, ஒன்றைக் கழித்தேன். எதைக் கழித்தேன், ஏன் கழித்தேன் என்று எழுதுங்கள். விடை சரியானால் கீழே நிற்பது எது என்பது வரும். பிழையானால் வராது. பரீட்சகர் மே மாதம் கேட்கப்போவதை நான் பெப்ரவரியில் கேட்கிறேன். இதையும் உதவியாகவே கொள்க.

ஜுனைதா

*

கண்டி
2024 மார்ச் 3

ராத்தா,

சாயமே ஏற்றாத மாதிரியின் வெளிச்சத்தைக் கழித்திருக்கிறீர்கள். சாயம் இல்லாவிட்டாலும் கலம் கொஞ்சம் ஒளிரும். அது சாயத்தின் கணக்கில் சேரக் கூடாது.

இதைத் தெரியாதவள் என்று நினைத்தீர்களா? நினைத்திருப்பீர்கள். கழிப்பது தெரியும், எதால் வகுத்தீர்கள் என்பதுதான் தெரியவில்லை. சிவப்பால் வகுத்துப் பார்த்தேன், நீலத்தால் பார்த்தேன். படம் வரவில்லை.

உம்மாவிடம் வாசித்தது போதும். உம்மா என்னுடன் கதைக்கும்போதெல்லாம் அழுகிறா. மற்றப் பாதியைத் தாருங்கள்.

நுஸ்ஹா

*

மருதமுனை
2024 மார்ச் 21

கண்ணியத்திற்குரிய தங்கை அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு தொடங்கியதால் பொழுது சமையலறையில் கழிகிறது, தாமதத்தை மன்னிக்கவும்.

விடை சரி. மகிழ்ச்சி என்று சொல்லமாட்டேன்.

சிவப்பால் வகுத்தீர்கள், நீலத்தால் வகுத்தீர்கள். சாயத்தைச் சாயத்தால் வகுப்பதுதான் வகுப்பறையில் சொல்லித்தரும் வழி போலும். நான் கலத்தின் பருமனால் வகுத்தேன். பெரிய கலத்தில் சாயம் ஒட்ட இடம் அதிகம். ஆகவே அது கூடுதலாக ஒளிர்கிறது. அது பருமன் தரும் வெளிச்சம், அந்தக் கலத்தின் வீரியம் தருவதன்று. பருமனால் வகுத்த பின் மிஞ்சுவதே உண்மை. இதை எந்தப் பாடத்திலும் நான் பார்க்கவில்லை. நானே யோசித்தேன். கல்முனையிலிருந்து தங்களோடு படிக்கவந்த மேர்சியாவின் கோப்புகளுக்கும், அந்தப் பிள்ளை கேட்டுக்கொண்டபடி, இதே அளவைச் செய்து கொடுத்திருக்கிறேன். அது என்னை 'மிஸ்' என்று அழைக்கிறது.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. புதிய அளவொன்றை உண்டாக்கும்போது, அது எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று மென்பொருள் கேட்கும். கீழெல்லை பூச்சியம். மேலெல்லையைத் தீர்மானிக்க நல்ல உடம்பு ஒன்று வேண்டியிருந்தது. ஒப்பீட்டுக்காகத் தாங்கள் தங்கள் கையிலிருந்தே இரத்தம் எடுத்துக் கொடுத்திருந்தீர்கள் அல்லவா, அந்த மாதிரியைத் திறந்து, தங்கள் கலங்கள் எவ்வளவு தூரம் போகின்றன என்று பார்த்து, அந்த எண்ணையே எல்லா நோயாளிகளுக்கும் எல்லையாக இட்டேன். கூடப்பிறந்தவளின் இரத்தத்தை அளவுகோலாக்கினேன். அதற்கும் நன்றியுரையில் இடமில்லை.

அந்த எண்ணை இப்போது தரமாட்டேன். அது இல்லாமல் தங்களுக்கு அந்தப் படம் கிடைக்காது. பெருநாளுக்கு வாருங்கள். றாஸிக்கின் உம்மாவும் சகோதரிகளும் கூடியிருக்கும் சபையில், "இதைச் செய்தவள் என் ராத்தா" என்று தங்கள் வாயால் சொல்லுங்கள். எண்ணைத் தாளில் எழுதிக் கையில் தருகிறேன்.

ஜுனைதா

*

கண்டி
2024 மார்ச் 30

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பும் துஆவும் எப்படிப் போகின்றன? மச்சானுக்கும் உம்மாவுக்கும் என் ஸலாம்.

பருமனால் வகுத்ததை வாசித்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். அது எனக்கு வந்திருக்காது. இதை முகஸ்துதிக்காக எழுதவில்லை.

நீங்கள் கேட்டது நியாயம். பெருநாளுக்கு என்னால் வர முடியாது, ஆனால் மச்சானின் உறவுக்காரர் முன்னால் சொல்வதைவிட நல்ல சபை ஒன்று இருக்கிறது. பரீட்சைச் சபையிலேயே சொல்கிறேன். இந்த அளவை உண்டாக்கியவர், எல்லையைத் தீர்மானித்தவர், மூன்றாம் கூட்டத்தைக் கண்டு அதைச் சுற்றிக் கோடு வரைந்தவர் யார் என்று பேராசிரியர்கள் எல்லாரும் கேட்கட்டும். பேராசிரியரிடமும் கதைத்துவிட்டேன். அவரும் அதையே விரும்புகிறார்.

அதற்கு உங்கள் கையொப்பத்துடன் ஓர் அறிக்கை வேண்டும். உங்கள் நல்ல தமிழிலேயே எழுதுங்கள், நான் மொழிபெயர்ப்பேன். எல்லாவற்றையும் நீங்கள் தனியே செய்ததாகவும், அதில் என் கை இல்லை என்றும் தெளிவாக இருக்கட்டும். மேலெல்லை எண்ணையும், அதை எப்படித் தெரிவுசெய்தீர்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

உங்கள் தங்கச்சி
நுஸ்ஹா

*

மருதமுனை
2024 ஏப்ரல் 1

என் தங்கச்சி நுஸ்ஹாவுக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. இன்றே பதில். தாமதமே இல்லை, பார்த்தாயா.

றாஸிக்குக்கு வாசித்துக் காட்டினேன். நோன்பு துறந்த கையோடு கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "பேராசிரியர்மாருக்கு முன்னாலயா?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். பிறகு அவர் தேத்தண்ணிக் கோப்பையைத் தானே எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினார். இந்த வீட்டில் அது நடந்ததில்லை.

அறிக்கையை இத்துடன் இணைத்திருக்கிறேன். ஒவ்வொரு சொல்லையும் மாற்றி மாற்றி எழுதினேன். மொழிபெயர்க்கும்போது தொடர்களை உடைத்துவிடாதே.

"மருதமுனையைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட இஸ்மாயில் ஜுனைதா ஆகிய நான் இத்தால் உறுதிப்படுத்துவது யாதெனில்: 'ஜு' என்னும் பெறப்பட்ட பரமானத்தைச் சிந்தித்தவளும், அதன் சூத்திரத்தை அமைத்தவளும், ஆரோக்கியமான ஒருவரின் மாதிரியை ஆதாரமாகக் கொண்டு அதன் மேலெல்லையை ஆறு எனத் தீர்மானித்து அனைத்து நோயாளிகளின் கோப்புகளுக்கும் பிரயோகித்தவளும், அவ்வாறு தோன்றிய மூன்றாம் கூட்டத்தை முதன்முதலில் இனங்கண்டு வரையறுத்தவளும் நானே. ஆய்வு மாணவி நுஸ்ஹாவுக்கு இவற்றுள் எதிலும் பங்கில்லை. இப்பகுப்பாய்வின் பெருமையும் பொறுப்பும் முற்றாக என்னையே சாரும்."

பரீட்சை நாளில் உம்மா உனக்காக நோன்பு நோற்பதாகச் சொல்கிறார். நானும் நோற்பேன்.

ராத்தா

*

கண்டி
2024 மே 5

ராத்தா,

தேர்ச்சி. திருத்தங்களுடன்.

என்ன நடந்தது என்பதை வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்கக் கூடாது, அதனால் நானே எழுதுகிறேன். மார்ச் மாதம் நீங்கள் எல்லாவற்றையும் தந்துவிட்டு அந்த ஒரு எண்ணை மட்டும் பிடித்துவைத்தீர்கள். பொறுக்க முடியாமல் நானாக ஒரு பெரிய எண்ணைப் போட்டேன். படம் வந்தது. மூன்றாம் கூட்டம் வரவில்லை. நான்தான் பிழைவிட்டேன் என்று நினைத்துத் திரும்பத் திரும்பச் செய்தேன். வரவே இல்லை.

பிறகு உங்கள் கடிதத்தை மறுபடி வாசித்தேன். மேலெல்லை என் இரத்தத்தின் எல்லை. எனக்கு நோய் இல்லை. நோயாளியின் கலம் என்னுடையதைவிடக் கூடுதலாக ஒளிரும், அதுதானே நோய். எல்லையைத் தாண்டும் கலங்களை மென்பொருள் வெளியே வீசுவதில்லை, எல்லாவற்றையும் விளிம்பில் கொண்டுவந்து அடுக்கிவைக்கும். அந்த அடுக்கைச் சுற்றித்தான் நீங்கள் கோடு வரைந்திருக்கிறீர்கள். மூன்றாம் கூட்டம் என்று ஒன்று இல்லை. இரண்டாம் கூட்டம் ஓட இடம் இல்லாமல் சுவரில் முட்டி நின்றது. நோயாளிகளிடம் மட்டும் தெரிந்ததற்கும் காரணம் அதுதான்.

அன்றைக்கே உங்களிடம் சொல்லியிருக்கலாம். நீங்கள் என் கடிதத்தை ஒரு சபைக்கு வாசித்துக் காட்டினீர்கள். நானும் உங்கள் கடிதத்தை ஒரு சபைக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன். பெருமையும் பொறுப்பும் என்ற இடத்தை இரண்டு தரம் வாசித்தேன், பரீட்சகர் தனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்றார். பிறகு திரையில் மேலெல்லையை உயர்த்திக் காட்டினேன். கூட்டம் கலைந்ததை எல்லாரும் பார்த்தார்கள். பிழையைத் தானாகக் கண்டுபிடித்த மாணவி என்று எழுதியிருக்கிறார்கள்.

இந்த அம்மா எங்கே படித்தவர் என்று பரீட்சகர் கேட்டார். சாதாரண தரம் என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு உங்கள் மேல் இரக்கம் வந்திருக்கும்.

நான்காம் அத்தியாயத்தைப் புதிதாக எழுதிவிட்டேன். உங்கள் பெயர் இப்போது ஆய்வேட்டில் இருக்கிறது. முழுப்பெயர், ஊருடன். முந்திய பகுப்பாய்வின் பிழைகளை விளக்கும் பின்னிணைப்பில் இருக்கிறது. தேநீர் வரியை எடுத்துவிட்டேன்.

வெளியாட்களிடம் தரவு கொடுக்கக் கூடாது என்று ஆய்வுகூடத்தில் சட்டம் போட்டிருக்கிறார்கள். மேர்சியாவிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உங்களிடமிருந்து இனி வரும் எதையும் திறக்க மாட்டேன் என்கிறாள்.

நுஸ்ஹா

*

மருதமுனை
2024 மே 26

கண்ணியத்திற்குரிய தங்கை நுஸ்ஹா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கள் மே மாதக் கடிதத்திற்கு இவ்வளவு பிந்தி எழுதுவதற்கு மன்னிக்கவும். தேர்ச்சி பெற்றதற்கு வாழ்த்துகள். உம்மா அயலுக்கெல்லாம் இனிப்புக் கொடுத்தார். சபையில் என்ன கதைத்தார்கள் என்று றாஸிக் கேட்டார். தமிழ் நன்றாக இருந்ததாகச் சொன்னார்களாம் என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

மேலெல்லையை நானும் உயர்த்திப் பார்த்தேன். கூட்டம் கலைந்தது. தாங்கள் எழுதியது சரி.

நேற்று முன்தினம் மேர்சியாவின் தாயார் சகாயம்மா கல்முனையிலிருந்து வந்தார். உள்ளே வரச் சொன்னேன். கேற்றுக்கு வெளியிலேயே நின்றார். கோபமாகக் கதைக்கவில்லை. "புள்ள சாப்பிடுதில்ல. முழுக்க முதல்லருந்து செய்யோணுமாம், குடுக்கிற திகதிக்குள்ள ஏலாதாம். நீங்க படிச்ச ஆள் எண்டு நம்பித்தானே தந்தவள்" என்றார்.  பிறகு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

அந்தப் பிள்ளையின் கோப்புகள் அனைத்தையும் திரும்பச் செய்திருக்கிறேன். எந்த ஒரு மாதிரியையும் எல்லையாக வைக்கவில்லை; ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே திறந்து, விளிம்பில் ஒரு கலமும் தங்காத இடம்வரை உயர்த்தி, அவற்றுள் மிகப் பெரியதை எல்லோருக்கும் பொதுவாக்கினேன். தவறு இல்லை என்று நம்புகிறேன். நம்பிக்கை போதாது, தாங்கள் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

மேர்சியாவுக்கு அனுப்பினேன், திறக்கவில்லை. அழைத்தேன், எடுக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு இருப்பது இந்த வாரம் மட்டும். ஆகவே பகுப்பாய்வுக் கோப்பை இத்துடன் தங்களுக்கு அனுப்புகிறேன். அளவின் பெயரையும் மாற்றிவிட்டேன். 'ஜு' என்று எங்கும் இல்லை. தாங்கள் செய்தது என்று சொல்லி அந்தப் பிள்ளையிடம் கொடுங்கள். என் பெயர் வேண்டாம்.

கோப்பு திறக்கிறதா என்று பார்த்து உடனே பதில் எழுதவும்.

ஜுனைதா